மேற்படிக்கு மூன்று படிகள்

மிஷினக்காவுக்கு ஒரு இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. உட்கார்ந்தாலும் வலது கால் சும்மா இருக்காது. ஆஸ்பத்திரி பெஞ்சு, கல்யாண வீட்டு நாற்காலி, எங்கே உட்கார்ந்தாலும் பாதம் மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். பதினாறு வருஷம் தையல் மிஷின் மிதித்த கால் அது. எதிரில் இருப்பவனுக்குத்தான் தலை சுற்றும். அதனால் வந்த பெயர். எனக்கு அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். தெருவே அப்படிக் கூப்பிடும்போது நான் மட்டும் என்ன தனி.

நான் கொத்தனார். அவள் குடியிருப்பது எனக்கு அடுத்த வீட்டில். நடுவில் இருப்பது நாலரை அங்குலச் சுவர். அந்தப் பக்கம் டம்ளர் விழுந்தால் இந்தப் பக்கம் என் வீட்டுக்காரி "என்ன உடைஞ்சது?" என்று கேட்பாள். அவளுடைய புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இரண்டு தடவை முகத்தைக் காட்டிவிட்டுப் போவான். ஒரே பெண், ஒன்றாம் வகுப்பு. அக்காவுக்கு வேலை ஒரு தையல் கடையில், சட்டைகளுக்குக் காஜா எடுப்பது. பொத்தான் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நூல் போடுகிற வேலைதானே என்று நினைக்கலாம். அவள் எடுத்த காஜாவையும் மற்றவர்கள் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் மேல் ரோட்டில். நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு கருங்கல் சுவர், அதை ஒட்டி இருபத்திரண்டு படி. எந்தக் காலத்திலோ கட்டியது, இன்னும் அசையவில்லை. போன வருஷம் கீழே குழாய் போடத் தோண்டினார்கள். குழாயைப் போட்டுவிட்டு, மண்ணைத் திரும்பப் போடாமல் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தரை ஒன்றே முக்கால் அடி இறங்கிவிட்டது. படிக்கட்டு அந்தரத்தில் நின்றது. கடைசிப் படி பெரியவர்களுக்குத் தொடை உயரம், ஆறு வயதுப் பிள்ளைக்கு மார்பு உயரம்.

சுற்றி வர வேறு வழி இருக்கிறது. கிடங்குக்கு லாரி திரும்புகிற மெயின் ரோடு. நடக்க ஓரம் கிடையாது. அந்த வழியாகப் பிள்ளையை அனுப்புகிறவனுக்கு நெஞ்சு கல்லாக இருக்க வேண்டும்.

முதலில் யாரோ ஒரு மரப்பெட்டியைப் போட்டார்கள். இரண்டே நாளில் காணாமல் போனது. பிறகு ஒரு சிமெண்ட் கட்டையைப் புரட்டி வைத்தார்கள். அது ஆடி, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மோவாய் கிழிந்து மூன்று தையல். அதற்குப் பிறகு எதையும் கொண்டுவந்து வைக்க எவனுக்கும் துணிச்சல் வரவில்லை.

நீ கொத்தனார்தானே, நீயே கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தெருவும் கேட்டது. என் வீட்டுக்காரி தினமும் கேட்டாள். ஒரு காலத்தில் உடைந்து கிடந்த சாக்கடை மூடியை நானே செய்து போட்டேன். அரசாங்கச் சொத்தில் கை வைத்தாய் என்று ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். அந்தப் பெஞ்சை நான் இன்னும் மறக்கவில்லை. "எழுத்துல குடுத்தா கட்டுறேன், இல்லேன்னா கரண்டியைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, காலையில் அந்தப் பக்கமாகப் போகும்போது படியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவேன்.

மிஷினக்கா தன் மகளைத் தூக்கிப் படியில் விடத்தான் முதலில் போனாள். மகளைத் தூக்கிவிட்டுத் திரும்பினால் அடுத்த பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதைத் தூக்கிவிட்டால் இன்னொன்று. இப்படியே பதினேழு பிள்ளைகள். முதுகில் பை வேறு, அது பிள்ளையைவிடக் கனம். கடைசிப் பிள்ளையை ஏற்றி முடிக்க எட்டு ஐம்பத்தைந்து ஆகிவிடும். கடையில் ஒன்பதுக்கு மிஷினில் இருக்க வேண்டும். கடை எதிர்த் திசையில், ஓட்டமும் நடையுமாகப் பத்து நிமிஷம். சாயங்காலம் இறங்கும்போது பிள்ளைகள் உட்கார்ந்து குதித்துவிடுவார்கள். முழங்காலும் நிக்கரும்தான் கிழியும். ஏறுவதுதான் பாடு.

முறை போட்டுக்கொள்ளலாம் என்று அவள்தான் சொன்னாள். ஒரு நாளைக்கு இரண்டு பேர், அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். முதல் வாரம் திருவிழாக் கூட்டம். இரண்டாம் வாரம் ஆளுக்கு ஒரு காரணம். மூன்றாம் வாரம் அட்டை இருந்தது, ஆள் இல்லை. வியாழக்கிழமை என் முறை. ஒரு வியாழன் காங்கிரீட் வேலை, அடுத்த வியாழன் மழை, அதற்கு அடுத்தது எனக்கே ஞாபகமில்லை. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

பிறகு படி கட்டித் தரச் சொல்லி நகராட்சி ஆபீசுக்கு மனு எழுதினாள். வேலை முடிந்து வந்து, சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். அறுபத்து நாலு பேர். தெரு முனையில் பூட்டு சரி செய்கிறவர் ஒருவர் இருக்கிறார், தனிக்கட்டை. எனக்கு ஏது பிள்ளை, நான் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

"நீங்களும் ஒரு காலத்துல பிள்ளையா இருந்தீங்கள்ல. அதுக்குப் போடுங்க," என்றாள்.

அவர் பேனாவை வாங்கினார்.

மனுவைக் கொடுத்தபின் நாலு தடவை ஆபீசுக்கு நடந்தாள். ஒரு தடவை நானும் கூடப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கால் ஆரம்பித்துவிட்டது. பெஞ்சு ஆட, பெஞ்சை ஒட்டியிருந்த மேஜையும் ஆட, கிளார்க் எழுதுவதை நிறுத்தினார். "அம்மா, கொஞ்சம் காலை நிறுத்துங்க. என் கையெழுத்து கோணுது," என்றார். நிறுத்தினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. சீக்கிரம் பதில் போடுகிறோம், நீங்கள் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலுக்குப் பயந்துதான் பதில் வந்தது என்று இன்றைக்கும் தெருவில் சொல்கிறார்கள்.

இதற்குள் கடையில் நெருக்கடி முற்றிவிட்டது. முதலாளி கெட்ட மனுஷன் இல்லை, கடிகாரத்துக்கு வாக்கப்பட்டவர். அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்: "திங்கக்கிழமையிலேர்ந்து ஒம்பது மணிக்கு மிஷின் சத்தம் கேக்கணும். இடையில எந்திரிச்சு ஓடுற கதையும் வேணாம். இல்லேன்னா மிஷின் இங்க இருக்கும், நீ இருக்க மாட்ட."

அன்றைக்குச் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வீட்டில் வாடகையும் சோறும் அவள் காலால் ஓடுவது. புருஷன் சம்பாதிப்பது லாரிக் கடனுக்கே போதாது. அந்த வேலை போனால் வீடு ஓடாது, வேலைக்கு நேரத்தில் போனால் பதினேழு பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நான் இரண்டு தடவை எழுந்து அவள் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். "கதவைத் தட்ட வேண்டியதுதானே, என்ன அளந்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் என் வீட்டுக்காரி.

சனிக்கிழமை மத்தியானம் தபால் வந்தது. நாலு வரி. அவள்தான் எங்களில் எட்டாவது வரை படித்தவள், அவளே வாசித்தாள். மனு கிடைத்தது என்று முதல் வரி. அடுத்து இப்படி: "மேற்படிக்கு மூன்று படிகள் இணைத்து, பதினைந்து தினங்களுக்குள் அனுப்பி வைக்கவும். தவறும்பட்சத்தில் மனு முடித்து வைக்கப்படும்." கீழே கையெழுத்து, முத்திரை.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். மேற்படி என்றால் மேலே இருக்கிற படி. அதோடு மூன்று படிகளை இணைக்கச் சொல்கிறான். கட்டு என்று எழுதாமல் இணை என்று எழுதியிருக்கிறானே, விவரம் தெரிந்தவன் என்று நினைத்தேன். பழைய படியோடு புதுப்படியைச் சேர்த்துக் கட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான வார்த்தை உண்டா?

டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். தொங்குகிற படியிலிருந்து தரைக்கு இருபத்தெட்டு அங்குலம். பழைய படிகள் ஒவ்வொன்றும் ஏழு அங்குல உயரம். நாலு ஏழு இருபத்தெட்டு. நாலு ஏற்றத்துக்கு நடுவில் மூன்று படி. அரை அங்குலம் முன்னே பின்னே இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நமக்குத் தெரியாமல் ஆபீசுக்காரன் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

வெல்டர் ஒருவன்தான் சந்தேகப்பட்டான். பட்டறையில் அவனைப் பொறி என்று கூப்பிடுவோம், பேச்சும் அப்படித்தான், எங்கேயாவது போய் விழும். "இணைக்கச் சொன்னது சரி மேஸ்திரி. அனுப்பி வைக்கவும்னு போட்டிருக்கே. கட்டின படியை எப்படி அனுப்புறது? பார்சல்லயா?"

எல்லோரும் யோசித்தோம். "போட்டோ புடிச்சு அனுப்பணும். வேற என்ன," என்றார் பூட்டுக்காரர். அதுவும் சரியாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தோம். நான் போய் யாரையும் கூப்பிடவில்லை. இடிந்த சுவர்ச் செங்கல் ஒருவர் வீட்டுப் பின்புறத்திலிருந்து வந்தது. என்னிடம் மீந்துபோன சிமெண்ட் ஒன்றரை மூட்டை இருந்தது. மணலைச் சலித்தது என் வீட்டுக்காரி. கடைசிப் படியின் அடியைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, துளை போட்டுக் கம்பி செருகினேன். புதுசு பழசோடு பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மழையில் பிரிந்து வந்துவிடும். பொறி சுவர்ப் பக்கமாகப் பழைய குழாயை வெட்டிக் கைப்பிடி வைத்தான், பிள்ளைகள் உயரத்துக்கு. பெரியவர்களுக்கு எட்டாதே என்று ஒருவர் சொன்னார். "நீங்க குனிஞ்சு போங்க," என்றான்.

மிஷினக்கா தண்ணீர் சுமந்தாள். ஒரு குடம் கேட்டால் மூன்று குடம் வந்தது. காயுமா, எப்போது காயும், நாளைக்குக் காய்ந்துவிடுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நாலு நாள் ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது," என்றேன்.

அவள் கையில் குடத்தோடு அப்படியே நின்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாளைக்குத் திங்கட்கிழமை. ஏற முடியாத படிக்கட்டுக்கு முன்னால் இப்போது மிதிக்கக் கூடாத மூன்று படி. பிள்ளைகளைப் பக்கவாட்டில் நின்று, எட்டித் தூக்கி, பழைய படியில் வைக்க வேண்டும். வேலையைச் சுலபமாக்குகிறேன் என்று இரண்டு மடங்காக்கி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை எட்டரைக்குப் போனபோது அவள் அங்கேதான் நின்றாள், சாப்பாட்டுப் பை தோளில், கண் என் கைக்கடிகாரத்தில். நானும் பொறியும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்றோம். என் வீட்டுக்காரி பைகளை வாங்கி மேலே வைத்தாள். பூட்டுக்காரர் கேட்காமலே வந்து, ஈரச் சாக்கு போர்த்திய படிகளுக்கு முன்னால் குடையை நீட்டிக்கொண்டு காவலுக்கு நின்றார். பதினேழு பிள்ளைகளும் ஏறின. அவள் மட்டும் போகவில்லை. இரண்டடி போவாள், திரும்புவாள். பெயரைச் சொல்லி, அதுக்குக் கை வலி, மெதுவாகத் தூக்குங்கள் என்பாள். எட்டு ஐம்பது ஆகிவிட்டது.

"நீ போறியா, உன்னையும் தூக்கி மேல வைக்கவா?" என்று கத்தினேன்.

ஓடினாள். ஒன்பதுக்கு மிஷின் சத்தம் கேட்டது என்று பிறகு தெரிந்தது.

அன்றைக்கே நான் போட்டோவை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பின்பக்கத்தில் மனு நம்பரை அக்கா எழுதிக் கொடுத்திருந்தாள். கிளார்க் வாங்கிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். நீங்கள் கேட்ட மூன்று படி என்றேன். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் போட்டோவைப் பார்த்தார். உள்ளே எடுத்துக்கொண்டு போனார். பாராட்டத்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை மூன்று மணி வாக்கில் படிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஓவர்சீயர் வந்தார். கையில் ஹெல்மெட்டும் பைலும். பின்னால் கடப்பாரையோடு இரண்டு ஆள். யார் கட்டியது என்றார். நான்தான் என்றேன். எனக்கு ஸ்டேஷன் பெஞ்சு ஞாபகம் வந்துவிட்டது. அனுமதியில்லாத கட்டுமானம், உடைக்கச் சொல்லி உத்தரவு என்றார். நீங்கள் சொல்லித்தானே கட்டினோம், லெட்டர் இருக்கிறது என்றேன். எங்கே லெட்டர் என்றார். லெட்டர் மிஷினக்காவின் சாப்பாட்டுப் பையில், பை கடையில்.

"பத்து நிமிஷம் குடுங்க சார்."

அவர் நிழலில் போய் நின்றார். கடப்பாரைக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள். என் வீட்டுக்காரி செருப்புகூடப் போடாமல் நடந்தாள்.

கடையில் நடந்ததை அவள்தான் பிறகு சொன்னாள். அக்கா அப்போது மிஷினில் இருந்தாள். போன் எல்லாம் முதலாளியின் பெட்டிக்குள். என் வீட்டுக்காரி வாசலில் நின்று, படியை உடைக்க வந்திருக்கிறார்கள், லெட்டரைக் கொடு என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். லெட்டரைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அக்காவின் கால் நின்றுவிட்டது. அதைப் பார்க்கவே பயமாக இருந்தது என்றாள் என் வீட்டுக்காரி. அக்கா எழுந்தாள்.

"இப்ப எந்திரிச்சா அப்படியே போயிடு," என்றார் முதலாளி.

"லெட்டரைக் குடுத்தனுப்பிட்டு இங்க உக்காந்தா எனக்கு ஒரு காஜாவும் நேரா வராதுண்ணே," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வந்தாள். கழுத்தில் நூல் வெட்டுகிற கத்தரி தொங்குகிறது, புடவையெல்லாம் நூல். லெட்டரை நீட்டினாள். ஓவர்சீயர் படித்தார். அடியில் இருந்தது அவருடைய கையெழுத்து. அதை நாலைந்து தடவை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அம்மா, படின்னா நகல். ஜெராக்ஸ். மனுவோட மூணு ஜெராக்ஸ் வெச்சு அனுப்பச் சொல்லியிருக்கோம். மேற்படின்னா மேலே சொன்னதுன்னு அர்த்தம்."

கடப்பாரைக்காரன் ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. அளந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்.

"படி கேட்டுத்தானே சார் மனுவே குடுத்தோம்," என்றாள் மிஷினக்கா. "படி கேட்டவங்ககிட்ட படி வேணும்னு எழுதுனா, நாங்க எந்தப் படின்னு நினைக்கிறது? ஜெராக்ஸ்னா ஜெராக்ஸ்னு எழுதக் கூடாதா?"

"அது ஆபீஸ் தமிழ்மா."

"நாங்க குடியிருக்கிறது கீழ்த் தெருவுல சார்."

அவர் என் டேப்பை வாங்கினார். குனிந்து ஒவ்வொரு படியாக அளந்தார். ஏழு, ஏழு, ஏழு. கைப்பிடியைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. எத்தனை கம்பி செருகினாய் என்று கேட்டார், சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பைலைத் திறந்தார், மூடினார்.

அப்போது பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளைகள் தடதடவென்று இறங்கி வந்து பழைய கடைசிப் படியில் வரிசையாக நின்றன. புதுப்படியில் கால் வைத்தால் காதைத் திருகுவேன் என்று நான் சொல்லி வைத்திருந்தேன், நாளைக்குத்தான் கெடு முடிகிறது. மூன்று நாளாகப் பெரியவர்கள் யாராவது நின்று இறக்கிவிடுவார்கள். யார் என்று பிள்ளைகள் பார்ப்பதில்லை. கீழே பக்கத்தில் நின்றது ஓவர்சீயர். முதலில் நின்ற குட்டி அவரைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கியது.

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் யாரும் நகரவில்லை. மிஷினக்கா நகரப் போனாள், என் வீட்டுக்காரி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டாள். அவர் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார், பைலை என் கையில் கொடுத்தார், பிள்ளையைத் தூக்கிக் கீழே விட்டார். அடுத்தது கையைத் தூக்கியது. ஆறாவது பிள்ளைக்கு அவருக்கு மூச்சு வாங்கியது. "பையில என்னடா வெச்சிருக்க, கல்லா?" என்று கேட்டார். பதினேழும் இறங்கிய பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதை எத்தனை நாளா செய்றீங்க?"

"எட்டு மாசம்," என்றாள்.

கடப்பாரைக்காரர்களை வேறு வேலைக்குப் போகச் சொன்னார். பிறகு பைலில் இருந்த மனுவைக் கொடுத்து, மூன்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். இந்தத் தடவை ஜெராக்ஸ்தானே என்று நானும் என் வீட்டுக்காரியும் அக்காவும் ஒரே நேரத்தில் கேட்டோம். அக்கா ஓடிப்போய் எடுத்து வந்தாள். அவற்றை பைலில் வைத்துக் கட்டி, மேல் தாளில் ஒரே ஒரு வரி எழுதினார்: "மூன்று படிகள் இணைக்கப்பட்டுள்ளன. மனு முடித்து வைக்கப்படுகிறது." கையெழுத்துப் போட்டார். எந்தப் படி என்று அவரும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தெருவே சிரித்தது. அவள் வீட்டில் மட்டும் சத்தமில்லை. வேலை போயிற்றே. நான் இந்தத் தடவை கதவைத் தட்டினேன். நாளைக்கு நானும் வந்து முதலாளியிடம் பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நீங்கள் பேசினால் நாளைக்கு எனக்குத் தெருவிலும் இடமிருக்காது என்றாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு நான் சாக்கை எடுத்தேன். பிள்ளைகள் முதலில் கட்டை விரலால் தொட்டுப் பார்த்தன, பிறகு ஏறின. மிஷினக்கா பழக்கத்தில் அங்கேதான் நின்றாள். மகள் அவளைத் தாண்டி, குழாயைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள். ஒரு பிள்ளைகூடக் கையைத் தூக்கவில்லை. அக்காவின் இரண்டு கையும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின. எட்டு முப்பத்தைந்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் நேராகக் கடைக்குப் போனாள். நானும் வேலைக்குப் போகிறவன் போல தெருவின் எதிர் ஓரமாக அவளுக்குப் பின்னால் நடந்தேன். கடை திறக்கவில்லை. ஷட்டருக்கு முன்னால் நின்றாள், கால் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முதலாளி வந்தார். அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். ஷட்டரைத் தூக்கினார். உள்ளே போய் ஒரு சட்டையைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்துக் காட்டினார். நேற்று சாயங்காலம் அவரே காஜா எடுத்திருக்கிறார். எலி கடித்தது போல இருந்தது.

"இதைச் சரி பண்ண முடியுமா?" என்றார்.

"முடியாதுண்ணே. வேற துணி வெச்சுத்தான் ஒட்டணும்," என்றாள் அவள், அதற்குள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

நான் தெருவைத் தாண்டுவதற்குள் மிஷின் சத்தம் கேட்டது.